சாயிப்புக்குத் துட்டி

— பத்திரத்தில ஒப்பு போடமாட்டேன் நீலகண்டா. நீ தலைகீழா நிண்ணாலும் போடமாட்டேன். அம்மைக்க வயலாக்கும் அது.

— அம்மிணி அக்கா, நேத்து நீ காது குடுத்துக் கேக்கல்ல. இண்ணாவது கேளு. நெய்யாற்றின்கரை இன்டர்நெட் கடையில நானே பார்த்தேன். லண்டன் வக்கீலுக்க ஈமெயில் எனக்குண்ணே வந்திருக்கு. 'உம்ம நேர்மையை விசாரிச்சு அறிஞ்சோம்'ணு எழுதியிருக்கு.

— லண்டன் வக்கீல் ஒனக்க நேர்மையை ஆருட்ட விசாரிச்சான்? என்னட்ட கேக்கல்லியே.

— சிரிக்காத. ஆண்டர்சன்ணு ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு பிளேன் விழுந்து செத்தாச்சு. பேங்கில கோடி கோடியாக் கெடக்கு, கேக்க ஆளில்ல. நான் சொந்தக்காரன்ணு நிண்ணா பாதி எனக்கு.

— பின்ன வயலை எதுக்கு விக்கணும்?

— ஃபீஸ் கெட்டணும். முதல்ல ஒண்ணும் வேண்டாம்னாரு வக்கீல். பொறவு முத்திரைக்குக் கேட்டாரு. சுஜாக்க வளையலை வித்து அனுப்பினேன். இது கடைசியாக்கும், சத்தியம் பண்ணியிருக்காரு. ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நிண்ணுபோவுமாம், அதுக்கு முன்ன...

— எலே, ஒனக்க பெஞ்சாதிக்க வளையலா? அவளுக்குத் தெரியுமா?

— ஒருத்தருட்டயும் சொல்லப்படாதுண்ணு வக்கீல் எழுதியிருக்காரு.

— கெட்டினவகிட்டக் கூடவா? எனக்கு வயிறு எரியுது மக்கா.

— நீ ஒப்பு போடு. ஒனக்கும் பங்கு உண்டு.

— ஒனக்க பங்கு ஆருக்கு வேணும்? செரி, ஒண்ணு சொல்லு. அந்தச் சாயிப்பு நமக்கு என்ன வேணும்ணு நேத்து சொன்னே?

— காகிதத்தில சித்தப்பா.

— சைவப் பிள்ளைமாருக்குச் சாயிப்பு சித்தப்பா! இருக்கட்டும். சித்தப்பா செத்தா வீட்டில புலத் தீட்டு உண்டுல்லியா? பதினாறு கழியாம கோயில் நடை ஏறலாமா? நீ செங்கல் கோயில்ல சிவபார்வதியைத் தொழுதிட்டு நெத்தியில சந்தனத்தோட நிக்கே.

— கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? அது சும்மா எழுதுகதாக்கும்.

— பைசா வாங்க மட்டும் சித்தப்பா, புல காக்க ஆரோவா? நம்ம வீட்டில அது நடக்காது. அதான் இண்ணு காலத்தே எறங்கித் துட்டி சொல்லிட்டு வாறேன்.

— என்னது! ஆருட்ட?

— சொந்தக்காரங்களுட்டதான். வேற ஆருட்ட சாவு சொல்லுவாவ? நாலுபேரு சிரிச்சாலாவது ஒனக்கு வெக்கம் வரட்டும்ணு நெனச்சேன்.

— கெடுத்தியே அக்கா! ஆரெல்லாம் அறிஞ்சாச்சு?

— ஒரு வீட்டுக்குத்தான் போனேன். நம்ம பெரியப்பாக்க மவன் சுயம்புட்ட, 'ஆண்டர்சன் சித்தப்பா போயிட்டாரு'ண்ணேன். அவன் சிரிக்கல்ல மக்கா. கதவைச் சாத்திட்டு மெள்ளக் கேட்டான்: 'ஒனக்கு எப்படி அக்கா தெரியும்? வக்கீல் எனக்கு மட்டுந்தானே எழுதினாரு!'