அடிக்குறிப்புக்கு ஸ்லைடில் இடமில்லை

மேடம், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசையின் ஒரு கால் ஆடுகிறது. பழைய அட்டை எதையாவது மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். இப்படிச் சின்னச் சின்ன விஷயமெல்லாம் என் கண்ணில் படும். என்மேல் என்ன குற்றம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் கம்பெனியில் அறிக்கைகளை ஸ்லைடுகளாக மாற்றுவது. கையால் அல்ல, நிரல் எழுதி. எங்கள் பொறியாளர்கள் அறிக்கையைப் புத்தகம்போல அச்சுக்குக் கோத்து அனுப்புவார்கள். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஒரு குறி இருக்கும். என் நிரல் அந்தக் குறிகளைப் பார்த்து வேலை செய்யும். தலைப்பு வந்தால் புது ஸ்லைடு. பத்தி வந்தால் முதல் வாக்கியம் மட்டும், மிச்சத்துக்கு டாட்டா. படம் வந்தால் பெரிதாக வலப்பக்கம். தலையணை மொத்தத்துக்கு இருக்கும் அறிக்கை, டீ ஆறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடாகிவிடும்.

அடிக்குறிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கேள்வி. வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குறையை அறிக்கையின் நடுவில் எழுதினால் பராமரிப்பு மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நல்லதை மேலே எழுதுவார்கள், உள்ளதை அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடுவார்கள். பெரிய முதலாளிக்கு இது தெரியும். அவர் எந்தப் பக்கத்தையும் அடியிலிருந்துதான் வாசிப்பார். அவர் படுத்த படுக்கையானதும் மகன் வந்தார். சின்ன முதலாளிக்கு வாசிப்பு என்றாலே வேப்பங்காய். "இத்தன பக்கத்த எவன் படிப்பான்? ஸ்லைடா குடுங்கப்பா" என்றார். என் காட்டில் மழை.

ராட்டின அறிக்கைகளை எழுதியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அலுவலகத்தில் அவருக்கு முழநீளம் என்று பெயர். குட்மார்னிங் சொல்லவே மூன்று பத்தி எடுத்துக்கொள்வார். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற கவலையில், வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார். "நான் மாங்கு மாங்குன்னு எழுதுறேன், உன் வீட்டுக்காரர் கத்தரிக்கோலப் போட்டே சம்பளம் வாங்குறாரு" என்று மனைவியிடம் சொல்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வயிறு மட்டும் எரியும்.

பெரிய ராட்டினத்தைப் பழுது பார்த்து மறுபடி திறப்பதாக இருந்தது. மச்சான் சோதித்து அறிக்கை அனுப்பிவிட்டு, வேறு ஊரில் இருக்கும் எங்கள் இன்னொரு பூங்காவுக்குக் கிளம்பிப் போனார். அந்த அறிக்கையில் ஓர் அட்டவணை. பாகம் ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை டிக். ஒரே ஒரு டிக்கின் தலையில் மட்டும் சின்ன நட்சத்திரம். என் நிரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அட்டவணைக்குள் அடிக்குறிப்பு வந்திருக்கிறது, வைக்கவா, விடவா என்று என்னைக் கேட்டது. அப்படிக் கேட்கும்படி எழுதியவனும் நான்தான். என் பொறுப்பைப் பாருங்கள்.

வாசித்தேன் மேடம். வாசிக்காமல் வெட்டுவது தொழில் தர்மம் ஆகாது. 'ஏழாம் பெட்டியைத் தாங்கும் போல்ட்டில் விரிசல். மாற்றும்வரை ராட்டினத்தை ஓட்டக் கூடாது.' மச்சான் ஆயுசில் எழுதியதிலேயே சுருக்கமான வரிகள் அவைதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதை வைத்தால் படம் சிறுத்துவிடும், படம் சிறுத்தால் சின்ன முதலாளிக்குப் பிடிக்காது. 'விடு' என்று அழுத்தினேன். இனிமேல் இப்படி நின்று கேட்காதே என்று நிரலில் ஒரு வரியும் சேர்த்தேன். கூட்டத்தில் பச்சை டிக்குகளைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

திறப்பு நாளன்று மச்சான் ஊரிலிருந்து நேரே பூங்காவுக்கு வந்தார். நானும் மனைவியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ராட்டினம் சுற்றுவதைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். ஓடுகிறது என்றால் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டார்.

"மாப்ள, ஏழாம் பெட்டி போல்ட்ட மாத்திட்டாங்கல்ல?"

"ம்" என்றேன்.

"பரவால்லயே, உங்க ஸ்லைடாலயும் ஒரு நல்லது நடந்திருக்கு. இனிமே உங்களக் கிண்டல் பண்ண மாட்டேன், போதுமா?" என்று என் தோளில் தட்டினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்கு மச்சானைத் தெரியாது. இல்லை என்றிருந்தால், ஏன் மாற்றவில்லை, யார் மாற்றவில்லை, எந்த ஸ்லைடில் விட்டுப்போனது என்று ஆயுள் முழுக்கப் பேசியிருப்பார். நான் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா?

அவர் ஏழாம் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினார். தான் கண்டுபிடித்த போல்ட்டாம், தானே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். மனைவியும் அண்ணன் பின்னால் ஓடினாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தலை சுற்றுகிறது, என்னை விட்டுப் போகாதே என்றேன். ஜென்மத்தில் எனக்குத் தலை சுற்றியது கிடையாது. இதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். ஈவிரக்கம் இல்லாதவன் பெண்டாட்டியைப் பிடித்து நிறுத்துவானா? எங்களுக்குப் பின்னால் நின்ற புது ஜோடி ஒன்று, இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய் ஏறிக்கொண்டது. அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. அவர்கள்மேல் எனக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை.

மனைவி அன்றிலிருந்து அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் கைய மட்டும் ஏன் புடிச்சீங்க?" நான் உன்னைக் காப்பாற்றினேன் என்றேன். அப்போதாவது அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

அவ்வளவுதான் மேடம். உங்கள் எழுத்தர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார், பாவம், கை வலிக்கும். இதையெல்லாம் உங்கள் மேலதிகாரி உட்கார்ந்து வாசிக்கப்போகிறாரா என்ன? வேண்டுமானால் நானே ஒரே ஸ்லைடில் அடக்கித் தருகிறேன். போல்ட்டில் விரிசல். பெட்டி விழுந்தது. மூவர் மரணம். ஒருவர் காப்பாற்றப்பட்டார். இதற்குமேல் வைத்தால் எழுத்து சிறுத்துவிடும். நான் 'ம்' என்று சொன்னதை, அவசியம் என்றால், அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.