வாசற்படியில் வைத்த டீசல் கேன்

என் பெயர் வளன், வயது 52, த/பெ. இஞ்ஞாசி. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் குடியிருக்கிறேன். எம்.ஏ. உளவியல் படித்து, திருச்சபை நடத்தும் ஒரு தனியார் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். பாவம் என்று ஒன்றில்லை என நான் வகுப்பில் சொல்வதாக என் தங்கை ஜெஸ்லினின் கணவர் கிளைட்டன் எங்கள் தேவாலயத்தின் பங்குப்பேரவையில் பேசியதால் வேலை போனது. என் இடத்தில் இப்போது என் மாணவரே இருக்கிறார். அதன் பிறகு வேறு வேலை கிடைக்காமல், ஆறு ஆண்டுகளாக கிளைட்டனின் படகிலேயே, அவர் சங்கு குளிக்க இறங்கும்போது கயிறு பிடிக்கிறேன். மனைவியின் சகோதரன் கயிறு பிடிப்பது எங்கள் வழக்கம். தங்கையின் தாலியை எந்த அண்ணனும் அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை.

சென்ற மாதம் 14-ஆம் தேதி காலை, மூச்சுக்காற்று அனுப்பும் கம்ப்ரசருக்கான டீசல் கேனை, மறக்கக்கூடாதென்று வாசற்படியில் குறுக்கே வைத்தேன். அதன் பிறகு அதைத் தாண்டித் தெருவில் இறங்கினேன். அதன் பிறகு மூக்குக்கண்ணாடி நினைவுக்கு வந்து, கேனைத் தாண்டி உள்ளே போய், எடுத்துக்கொண்டு, மறுபடியும் தாண்டி வந்து படகேறினேன். தொட்டியில் மிச்சமிருந்த டீசலில் கம்ப்ரசர் ஒன்பதரை மணிவரை ஓடி நின்றது. கிளைட்டன் அப்போது பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் இருந்தார். படகு ஓட்டும் ஷாம், "அண்ணாச்சி, கேன எங்கன வச்சிய?" என்று கத்தினான். அதன் பிறகு இருவரும் கயிற்றை இழுத்தோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கிளைட்டனுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. மூன்று நாள் நினைவில்லை. மறந்துவிட்டேன் என்று நான் சொன்னதால் விபத்து என்று முடித்தார்கள்.

நேற்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். "திங்கக்கிழம கடலுக்குப் போறோம். கயிறு மச்சான் கையில கெடக்கு, எனக்கென்ன? படிச்ச ஆளுலா, மறதி இருக்கத்தான் செய்யும்" என்றார். ஜெஸ்லின் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதனால் இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

"மறந்தியளா, வேணும்னு விட்டியளா? ஒண்ணச் சொல்லுங்க சார்" என்று இங்கு கேட்கப்பட்டது. மனிதனுக்குள் மூன்று பேர். வேண்டும் என்று முண்டுகிறவன், கூடாது என்று அதட்டுகிறவன், நடுவில் நின்று ஊருக்கு முகம் காட்டுகிறவன். இப்போது பேசுவது நடுவில் நிற்பவன். கேனைத் தாண்டியவனை நான் பார்த்ததில்லை. அவன் செய்வது நமக்கு மறதியாகத்தான் தெரியும் என்று பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை என்னிடம் கயிற்றைத் தரக்கூடாதென்று போலீஸார் கிளைட்டனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிப்பார். இன்று இங்கு வரும் வழியில் டீசல் வாங்கலாமென்று, கேனை வாசற்படியில் குறுக்கே வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். கேன் இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

எழுதியதை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரையில் எல்லாம் உண்மை.

(ஒப்பம்) இ. வளன்
என் முன்பாக: ராஜபாண்டி, உதவி ஆய்வாளர்