ஒம்பது பேர் இங்க இருக்கணும்

ஐயோ, அந்த நாற்காலி வேணாம் மேடம், அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க சென்டர் சார் இப்ப வந்துருவாரு. கீழ பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் போயிருக்காரு, பொண்ணுங்களக் கூட்டிட்டு வர. இல்ல இல்ல, எல்லாம் இந்த ஊர்லயேதான் இருக்காங்க. ஏதோ வேலையா வெளிய போயிருக்காங்க, அவ்ளோதான். தண்ணி குடிங்க. அந்த ரோட்டுல நாலு மணி நேரம் வந்திருக்கீங்க, இடுப்பு கழண்டுருக்கும்.

உங்க குரலக் கேட்டதுமே கண்டுபுடிச்சிட்டேன். மாசா மாசம் முதல் திங்கக்கிழமை, பத்தரைக்கு இந்த போனுக்குக் கூப்பிடறது நீங்கதானே? நான் என்னமோ வயசானவங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. என் வாய் அப்படி.

இந்த கம்ப்யூட்டருங்களா? ஆறு இருக்கு, மூணு ஓடும். அதுலயும் ஃபேன் போட்டா ரெண்டுதான். ஆமா, செவுத்துல இருக்கறது எங்க பேட்ச் போட்டோ. பன்னெண்டு பேரு. பச்சைப் பொட்டு இருந்தா இந்த ஊர்ல இருக்காங்க, சிவப்புன்னா போயிட்டாங்க. நீங்க அனுப்பின ஸ்டிக்கர்தான். மூணு சிவப்பு, ஒம்பது பச்சை. சரியா எண்ணிட்டீங்க.

இல்ல மேடம், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்த ஒம்பது பேர் ரூல யாரு போட்டது? ம்... புரியுது. பசங்களப் படிக்க வெச்சா ஊர விட்டு ஓடிடறாங்க, ஊர் காலியாயிடுதுன்னு உங்க ட்ரஸ்ட் பெரியவங்க கவலைப்பட்டிருக்காங்க. நியாயம்தான். அதுக்காகப் பன்னெண்டு பேர்ல ஒம்பது பேராவது அஞ்சு வருஷம் இங்கயே இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் உங்க பணம் நின்னுடும். பணம் நின்னா வேன் நின்னுடும். முப்பத்தேழு பிள்ளைங்க மேடம், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கூடம். என் தங்கச்சி அதுலதான் போறா. இந்த வருஷம் பன்னெண்டாவது.

வேன் இல்லாத காலத்துல நான் எட்டாவதோட வீட்ல உக்காந்தவ. ரெண்டு வருஷம் சும்மா. அப்புறம் வேன் வந்துச்சு, பள்ளிக்கூடம் முடிச்சேன், இங்க வந்து செல்போன் ரிப்பேர் கத்துக்கிட்டேன். நல்லாவே கத்துக் குடுத்தாங்க. ஆனா இந்த ஊர்ல மொத்தமே நூத்திச் சொச்சம் போன்தான் இருக்கும். அத்தனையும் பன்னெண்டு பேரும் சேந்து முதல் மாசமே கழட்டி மாட்டிட்டோம். சிலத திருப்பி மாட்டவே முடியல, அது வேற கதை. சிரிக்கறீங்க. அதுக்கப்புறம் யார் போன நாங்க ரிப்பேர் பண்றது?

நானா? நான் சென்டரத் தொறக்கறேன், பெருக்கறேன், போன் எடுக்கறேன். மத்தியானம் அந்த ஜன்னல் பக்கம் உக்காந்து ரோட்டப் பாப்பேன். இப்படியே போன மாசத்தோட அஞ்சு வருஷம் முடிஞ்சுச்சு. நாளெண்ணிட்டு இருந்தேன் மேடம், உண்மையச் சொல்றேன். அன்னிக்குத்தான் சார் புது ஃபார்மக் கொண்டாந்து காட்டினாரு. அதே ஒம்பது பேரு, இன்னும் அஞ்சு வருஷம். நீதாம்மா இந்த சென்டருக்குத் தூணுன்னாரு. தூணு எங்க போகும், சொல்லுங்க?

சார் கெட்டவரு இல்ல. அதயும் எழுதிக்கோங்க. வேன் டயர் வெடிச்சப்போ தன் பைக்க வித்து டயர் போட்டவரு. பிள்ளைங்க படிப்பு நின்னுடக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். அதுக்காக என்ன வேணா செய்வாரு. என்னையும் செய்ய வெப்பாரு.

மணியா? ஒண்ணே முக்கால். பஸ் அப்பவே வந்துட்டுப் போயிருக்கும்.

மேடம், போன மழைக்கு முன்னாடி ஒரு தடவ சுருட்டைகிட்டப் பேசணும்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? அந்த முதல் வரிசைல, முடி சுருட்ட சுருட்டையா இருக்காளே, அவ. என்னம்மா ஜலதோஷமான்னு கூட விசாரிச்சீங்க. அது நான்தான். மூக்கப் புடிச்சுட்டுப் பேசினேன். அவ பக்கத்துல நெட்டையா நிக்கறவளுக்குக் கொஞ்சம் இழுத்துப் பேசணும். கடைசில இருக்கறவ பேசினா ஊரே எழுந்துக்கும், அவளுக்காகக் கத்திக் கத்தி எனக்குத் தொண்ட கட்டிக்கும். எட்டு பேருக்கும் நான்தான் மேடம். மூணு வருஷமா, அவங்க வேலைக்குன்னு வெளியூரு போனதுலேருந்து. நீங்க அன்பா விசாரிப்பீங்க, நான் ஒவ்வொருத்தியா மாறி மாறி பதில் சொல்லுவேன். போன வெச்சப்புறம் என் சொந்தக் குரல் எதுன்னு எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடாது.

கோவம் வருதா? வரட்டும். வரணும்.

பாவம் சார். இன்னும் அந்த பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு இருப்பாரு. எட்டு பேருக்கும் போன் போடு, ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து மேடத்துக்கு மூஞ்சியக் காட்டிட்டுப் போகச் சொல்லுன்னாரு. நான் யாருக்கும் போனே பண்ணல.

இந்தாங்க, இந்தத் தாள்ல எல்லாம் எழுதியிருக்கேன். சுருட்டை ஆஸ்பத்திரில ஸ்கேன் மெஷின் பாக்கறா. நெட்டை சொந்தமாக் கடை வெச்சுட்டா, அவகிட்டயே ரெண்டு பொண்ணுங்க வேல செய்யறாங்க. மத்தவங்க நம்பரும் இருக்கு. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க, அவங்கவங்க குரல்லயே பேசுவாங்க. படிச்சு வேலைக்குப் போனதக் கணக்குல சேக்க முடியுமான்னு உங்க பெரியவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. முடியாதுன்னா வேன் நிக்கும், எனக்குத் தெரியும். நேத்தே தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்குக் காலைல என் முகத்தப் பாக்காமலே வேன் ஏறிட்டா.

ஒம்பதாவதா? அது நான்தானே. இங்க இருக்கான்னே போட்டுக்கோங்க மேடம். சனிக்கிழமை நான் பஸ் ஏறற வரைக்கும் அது நெசம்தான்.