முடியோட எடுத்த ஏழு படம்

…அதாங்க சொல்றேன், இந்த செல்லு வந்தப்புறம் ஜனங்களுக்கு பொறுமையே பூடுச்சு. எடுத்த ஒடனே காட்டு, காட்டு! அட, உக்காருங்க டில்லிபாபு சார். அம்மையார்குப்பத்துலேர்ந்து மூணாவது தடவையா வர்றீங்க, டீ சொல்லட்டுமா? வேணாமா… ஆங், செரி.

படம் வந்துட்சுங்க. நேத்தே வந்துட்சு. பிலிம இப்ப மெட்ராஸ்லதான் கழுவறாங்க, அதான் லேட்டு. கவர் இங்கதான் கீது. இருங்க, பிரிக்காதீங்க.

திருத்தணியில மொட்டக்கு பிலிம்ல எடுக்கறவன் நான் ஒருத்தன்தான். மத்தவன்லாம் இருநூறு எடுத்து நூத்தித்தொண்ணூற அழிக்கறான். நான், ‘ஒண்ணு எடுத்தாலும் நிக்கும், இந்த தணிகைமணிய நம்புங்க’ன்னேன். நீங்களும் நம்புனீங்க. ஆனா… எனக்கேதாங்க நம்பிக்க இல்ல. ரெண்டு வருஷமா ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும் இதே ரோதனதான். படம் உள்ள உழுந்துச்சா உழலயான்னு யார போய் கேக்கறது?

அன்னைக்கி உங்க யுவஸ்ரீ பாப்பாவ முடியோட ஏழு எடுத்தேனா? அந்த சுருட்ட முடி… அடடா. மாமா மடியில ஒக்கார வெச்சு தண்ணி தடவிகினு இருந்தாங்க. எனக்கு ஒரு சந்தேகம். பிலிம் சுத்துதா, சும்மா ஓடுதா? கேமரா மேல இருக்கற குமிழ் சுத்துதான்னு பாத்தா போதும், முப்பது வருஷமா அதத்தான் பாக்கறேன். அன்னைக்கி அதுமேலயும் நம்பிக்க இல்ல. பின்னாடி மூடிய தெறந்து பாத்துட்டேன். நடு வெயில்ல.

நல்லாத்தாங்க சுத்திகினு இருந்துச்சு.

பட்டுனு மூடிட்டு, திரும்ப எடுக்கலாம்னு நிமுந்தா, பாதி மண்ட சொரண்டியாச்சு. ஒண்ணுமே ஆவாத மாதிரி மொட்டைய எடுக்க ஆரம்பிச்சுட்டேன்.

மொட்டையோட எடுத்தது இருவத்தொம்பதும் கண்ணாடி மாதிரி வந்துகீது. மூடிய தெறந்தப்ப வெயில் பட்டு, முடியோட எடுத்த ஏழும்… வெள்ள. முடி மொளைக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா மொத முடி மொத முடிதான். வெக்கமா கீதுங்க.

உங்க செல்லுல இருக்காது, தெரியும். நான்தான் எல்லாரையும் செல்ல உள்ள வெக்கச் சொன்னேன். ஆனா உங்க மச்சினிச்சி கவிதா, கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுகினு ஒண்ணு எடுத்துச்சு. நான் பாத்துட்டு, கத்து கத்துன்னு கத்தி, அழின்னு சொன்னேன். மூஞ்சிய தூக்கி வெச்சிகினு ‘அழிச்சிட்டேன்’னுச்சு. நான் வாங்கிப் பாக்கல.

ஒரு போன் போட்டு கேளுங்க சார். நல்ல பொண்ணுங்க அது… பொய்தான் சொல்லியிருக்கும்.