எட்டாத உறி நெறயப் பாலு

அது அந்தக் காலம். ரோட்டுல தார் கெடையாது, வீட்டுல லைட் கெடையாது, மழை பேஞ்சா ஊரு, பேயாட்டா வெறும் பொட்டல். அப்படி இருந்த நம்ம செவ்வரளிக்குளத்துல கொம்பையான்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க அய்யாவுக்குத் தாத்தா. டிரைவர் தம்பி, அந்தப் பாட்டுப் பொட்டியைக் கொஞ்சம் அமத்துங்க. அது ஒரு பக்கம் கத்த, நான் ஒரு பக்கம் கத்த, எதைக் கேப்பீங்க? நீங்கதான கேட்டீங்க, "போன மாசமும் உங்க ஊர் ஆளுகளைச் சம்பந்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், இலை போட்டு சோறு வச்ச பெறகும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, என்ன கோவம்"னு? கோவம் ஒண்ணுமில்ல. கேளுங்க. வேன் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆவும்லா.

கொம்பையா இருந்தாரே, நல்ல மனுசன்தான். ஆனா பெருமைக்கு எருமை மேய்க்கிற ஆளு. சொந்தப் பூட்டனைச் சொல்லுதேன், எனக்கென்ன பயம்? அவருக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளை, ஒரு ஆம்பளைப் பிள்ளை. மூத்தவ ஆவுடை. அவளை மேலப்பொட்டல்ல பெரிய வீட்டுல கெட்டிக் குடுத்தாரு. சின்னவ முப்பிடாதி. அவ நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்புப் படிச்சா.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தாராம். ஞானசிகாமணி வாத்தியார். ஒல்லியா, ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பாராம். அவரு பாட்டு சொல்லிக் குடுக்குறதே வேற மாதிரியாம். மனப்பாடம் பண்ணுன்னு பெரம்பைத் தூக்க மாட்டாராம். பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போவாராம். "எலே, பாட்டை வெளிய நின்னு எட்டிப் பாக்காதீங்க. உள்ள போயி நில்லுங்க"ம்பாராம். பாட்டுல குளம் வந்தா ஒருத்தன் குளம். கொக்கு வந்தா ஒருத்தன் கொக்கு, ஒத்தைக் கால்ல நிக்கணும். கொக்கைப் பாத்து மீன் பயந்தா, மீனா இருக்கிறவ பயப்படணும். எல்லாரும் நின்ன பெறகு வாத்தியார் சுத்தி வருவாராம். ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேப்பாராம், "நீ யாரு? உங்கிட்ட என்ன இருக்கு? யாரைப் பாத்து நிக்க?" அவ்வளவுதான் கேள்வி. அந்த மூணு கேள்விக்குப் பதில் சொல்லிட்டா பாட்டு புரிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

ஊருக்குள்ள சும்மா இருப்பானுவளா? "நாலு எழுத்து சொல்லிக் குடுக்க வந்தவன், பிள்ளைகளை மாடாவும் கொக்காவும் நிப்பாட்டி வச்சிருக்கான்"னு சிரிச்சானுவளாம். எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சது யாரு? எங்க பூட்டன் கொம்பையாதான். இந்த வாத்தியாரை மாத்துங்கன்னு மனு எழுதி, ஊரெல்லாம் ரேகை வாங்கி மடியில வச்சிருந்தாராம்.

அந்த நேரத்துல ஆவுடைக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்து எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்குப் பெறந்த வீட்டுக்கு அனுப்பல, "எங்க வீட்டுல இல்லாததா"ன்னு அவியளே பாத்துக்கிட்டாவளாம். கொம்பையா முப்பிடாதியைக் கூட்டிக்கிட்டு, வண்டி கெட்டிப் பேரனைப் பாக்கப் போனாரு. அந்த வீட்டுல தலைவாழை இலை போட்டு, ஏழு கறி வச்சு, நெய்யை ஊத்துனாவளாம். ஆவுடைதான் பரிமாறுனா. பேசுனாளான்னா, பேசல. மாமியார்காரி நெழலு மாதிரி பக்கத்துலயே நின்னாளாம். சாப்பிட்டு முடிச்ச பெறகு பிள்ளை அழுதுது. ஆவுடை தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டே பாடுனாளாம். அவளே கெட்டுன பாட்டு. இப்படிப் போவும்:

ஏழு பசு கறக்கும் வீடு – கண்ணே
எட்டாத உறி நெறயப் பாலு
பத்தாயம் நெல் நெறஞ்ச வீடு – கண்ணே
பாட்டி இடுப்பில் வெள்ளிச் சாவி
அப்பனுக்கு வெங்கலத் தட்டு – கண்ணே
அத்தைக்குத் தலைவாழை இலை
வாசலுக்கு வந்த நாய்க்கும் – கண்ணே
வட்டில் நெறயச் சோறுண்டு

கேட்டீங்களா? எவ்வளவு நல்லா இருக்கு! கொம்பையாவுக்குத் தலை கால் புரியல. ஊருக்கு வந்து டீ குடிக்கிற எடம், ஆடு பத்துற எடம், செரைக்கிற எடம், எங்க போனாலும் இதே பாட்டுதான். "கேட்டியாடே, நாய்க்கே வட்டில் நெறயச் சோறாம்! எம்மவ வாழுத வாழ்வைப் பாரு"ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாராம்.

இது இப்படி இருக்க, ஒரு நாள் வாத்தியார் பிள்ளைகள்கிட்ட, "நாளைக்கு ஆளுக்கு ஒரு பாட்டு வீட்டுலருந்து கொண்டாங்க"ன்னு சொல்லிட்டாரு. ஒருத்தன் நாத்து நடுற பாட்டு கொண்டாந்தான். ஒருத்தன் ஏத்தம் எறைக்கிற பாட்டு. முப்பிடாதி அக்கா பாட்டைக் கொண்டாந்தா. பாடிக் காட்டுனா. வாத்தியார் கையைத் தட்டி, "அடடா, என்ன வளமான வீடு! என்ன வளமான பாட்டு!"ன்னாராம். ஆமா தம்பி, வாத்தியாரும் அப்படித்தான் சொன்னாரு. அவரைப் பெரிய ஞானியா ஆக்கிச் சொல்லுவாவ சில பேரு. நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். மொதல்ல அவருக்கும் புரியல.

"சரி, பாட்டுக்குள்ள போயி நில்லுங்க"ன்னாரு. பிள்ளைக ஓடி நின்னுதுக. பசு மாடு ஏழு வேணும், ஆளு ஆறுதான் தேறுச்சு. "போவுது, ஒண்ணு மேயப் போயிருக்கு"ன்னாராம் வாத்தியார். நெட்டையா ஒருத்தன் உறி. தலைக்கு மேல கையைத் தூக்கி ஒரு செம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஒருத்தி பாட்டி, இடுப்புல ஓட்டுச் சில்லைச் சொருகிக்கிட்டா, அது சாவி. ஒருத்தன் அப்பன், ஒருத்தி அத்தை. நாய்க்கு மட்டும் நாலு பேரு போட்டி. "பாடுறது யாரு?"ன்னு வாத்தியார் கேட்டாரு. "நான்"னு முப்பிடாதி வந்து நடுவுல நின்னா.

வாத்தியார் சுத்தி வந்தாரு.

"நீ யாரு?" "உறி." "உங்கிட்ட என்ன இருக்கு?" "பாலு."

"நீ யாரு?" "பாட்டி." "உங்கிட்ட?" "சாவி, வாத்தியாரய்யா."

"நீ?" "அப்பன். வெங்கலத் தட்டு." "நீ?" "அத்தை. வாழை இலை." "நீ?" "நாயி! வட்டில் நெறயச் சோறு!"

எல்லாரும் சிரிச்சாவ. வாத்தியார் முப்பிடாதிகிட்ட வந்தாரு. "நீ யாரு?"

"அம்மா."

"உங்கிட்ட என்ன இருக்கு?"

பிள்ளை தன் கையைப் பாத்துது. உறியைப் பாத்துது, எட்டல. சாவியைப் பாத்துது, அது பாட்டி இடுப்புல. சுத்திச் சுத்திப் பாத்துட்டு மெதுவாக் கேட்டுதாம், "எல்லாருக்கும் இருக்கு வாத்தியாரய்யா. நாய்க்குக்கூட இருக்கு. என் இலை எங்க?"

நாயா நின்னவன்கூட எந்திரிச்சு நின்னுட்டானாம். வாத்தியார் குனிஞ்சு, "எம்மா, அக்கா கையை நீ பாத்தியா? வளையல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாராம். முப்பிடாதி யோசிச்சுச் சொன்னாளாம், "கல்யாணத்தன்னைக்குச் சவுக்காரம் போட்டு, கையை அமுக்கி, அழ அழ ஏத்துனாவ. இப்ப அதை முழங்கை வரைக்கும் தூக்கி விட்டுட்டுத்தான் பரிமாறுனா. இல்லாட்டா கழண்டு சோத்துல விழுந்துரும்லா."

வாத்தியார் அப்படியே தரையில உக்காந்துட்டாராம். "நான் பாட்டைப் பாத்தேன். பாடுனவளைப் பாக்கலையே"ன்னு பிள்ளைக முன்னாலயே அழுதாராம். பிள்ளைக முன்னால தப்பை ஒத்துக்கிட்டு அழுத வாத்தியாரை நான் கண்ணால பாத்ததில்ல. பாக்கக் குடுத்து வைக்கல.

நேரா கொம்பையா வீட்டுக்குப் போனாரு. "அண்ணாச்சி, உங்க மூத்த மவ பசியில கெடக்கா. ஒரு எட்டு போயிப் பாருங்க"ன்னாரு. பூட்டன் விடுவாரா? "என்னவே சொல்லுதீரு? எஞ்சம்பந்தி வீட்டுல நாய்க்குச் சோறு இருக்கு, எம்மவளுக்கு இல்லையா? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை மாடாக்குனது பத்தாதுன்னு எங்குடும்பத்துக்குள்ள வந்து மேயுதீரோ? நாளைக்கே மனு போவும்வே!"ன்னு துண்டை உதறுனாராம். கோவம் வாத்தியார் மேல இல்ல தம்பி. ஊர் பூராவும் பாடிப் பெருமை அடிச்சாச்சு, இனிம அது பொய்யின்னா மொகத்தை எங்க கொண்டு வைக்க? அதுதான் கோவம். வாத்தியார் அப்படியே திரும்பிப் போயிட்டாரு.

மறுநாள் மத்தியானம். கொம்பையா சாப்பிட உக்காந்தாரு. இலை விழுந்துது, சோறு விழுந்துது. முப்பிடாதியை "வாட்டி, உக்காரு"ன்னாரு. அவ உக்காரல. அக்கா அன்னைக்குச் செவுத்தோரம் எப்படி நின்னாளோ அதே மாதிரி, வளையலை முழங்கைக்குத் தூக்கி விட்டுக்கிட்டு நின்னா. நின்னு பாட ஆரம்பிச்சா. ஏழு பசு கறக்கும் வீடு... கொம்பையா சிரிச்சுக்கிட்டே ஒரு வாய் வச்சாரு. எட்டாத உறி நெறயப் பாலு... ரெண்டாவது வாய் எடுத்தாரு. பிள்ளை பாடிக்கிட்டே அவரையே பாத்துதாம். வாசலுக்கு வந்த நாய்க்கும்னு பாடும்போது, அவர் வீட்டு நாயி வாசல்ல வட்டிலை நக்கிக்கிட்டு நின்னுதாம். எடுத்த சோறு எடுத்தபடி கையில நிக்குது. அவரு தன் இலையைப் பாத்தாரு, நாயோட வட்டிலைப் பாத்தாரு, வெறுங்கையோட நிக்குத பிள்ளையைப் பாத்தாரு. அந்த நிமிசந்தான் பாட்டு அவர் காதுல விழுந்துது. சோத்தை இலையிலயே போட்டுட்டு எந்திரிச்சாரு. கையைக்கூடக் கழுவாம வண்டியைக் கெட்டுனாராம்.

மேலப்பொட்டலுக்குப் போனாரு. முப்பிடாதியும் கூடப் போனா. "வாங்க அண்ணாச்சி, சாப்பிடுங்க"ன்னு சம்பந்தியம்மா வாயெல்லாம் பல்லா வந்து இலை போட்டா. ஆவுடை சோத்துப் பானையைத் தூக்கிட்டு வந்தா. கொம்பையா சண்டை போடலையாம். கத்தலையாம். இலை முன்னால உக்காந்து ரெண்டு கையையும் கெட்டிக்கிட்டாராம்.

"எம்மவ இலை எங்க?"

"அவ பெறவு சாப்பிடுவா அண்ணாச்சி."

"பெறவுன்னா எப்ப?"

சம்பந்தியம்மா நெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வச்சா.

"அவ இலை விழட்டும். அப்பத்தான் நான் கை வைப்பேன்."

சோறு ஆறுது. கறி ஆறுது. நெய் கட்டிப் போவுது. மருமவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கான். ஆவுடை சோத்துப் பானையைக் கீழ வச்சா. அப்பன் மொகத்தையே பாத்துக்கிட்டு கேட்டாளாம், "யப்பா, எம்பாட்டு உனக்குக் கேட்டுட்டா?"

கொம்பையா, அந்தப் பெருமைக்காரக் கொம்பையா, தேம்பித் தேம்பி அழுதாராம். "எனக்குக் கேக்கல தாயி. ஊரெல்லாம் பாடுனேன், எனக்குக் கேக்கல. உந்தங்கச்சிக்குத்தான் கேட்டுது"ன்னாராம்.

மவளையும் பேரனையும் வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டாரு. மொதல்ல கஞ்சித் தண்ணிதான் எறங்குச்சாம். மூணு மாசத்துல வளையல் மணிக்கட்டுல வந்து நின்னுதாம். பெறகு மருமவன் வந்து கூப்பிட்டான், ரெண்டு பேருக்கும் சோடியா இலை போட்டு, சாவியை அவ கையில குடுத்துக் கூட்டிட்டுப் போனான்னு சொல்லுவாவ. இல்ல, அவ போகவே இல்லன்னும் சொல்லுவாவ. எனக்கு ரெண்டாவதைத்தான் நம்பப் பிடிக்கும். ஆனா எங்க அய்யா மொதல்லதைத்தான் சொல்லுவாரு.

மனு என்னாச்சுன்னு கேக்கலையே? மறுவாரம் கொம்பையா வேப்பமரத்தடிக்குப் போனாராம். மனுவை வாத்தியார் கையில குடுத்து, "கிழிச்சிரும்வே. எனக்கும் அந்தப் பாட்டுக்குள்ள ஒரு எடம் குடும்"னாராம். வாத்தியார் யோசிச்சுட்டு, "ஏழாவது பசு எடம் காலியா இருக்கு அண்ணாச்சி"ன்னாராம். தலைப்பாக்கட்டோட, மீசையோட, எங்க பூட்டன் பிள்ளைகளுக்கு நடுவுல மாடா நின்னாராம். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கலையாம்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்ப இல்ல. இடிச்சுக் கட்டியாச்சு. வேப்பமரம் மட்டும் நிக்குது, அதைச் சுத்தி இருக்கிற திட்டுக்கு இன்னும் பாட்டுத்திட்டுன்னுதான் பேரு. அந்தப் பக்கம் போனா நான் ஒரு நிமிசம் நின்னுட்டுத்தான் போவேன். உறியும் சாவியும் நாயுமா அந்தப் பிள்ளைக நின்ன எடம்லா. மனசு அங்கயே கெடக்கும்.

அன்னையிலருந்துதான் தம்பி, எங்க ஊரு ஆளுக பொண்ணு குடுத்த வீட்டுக்குப் போனா, எங்க பிள்ளைக்கு இலை விழாம இலையில கை வைக்க மாட்டோம். சுத்துப்பட்டு ஊர்க்காரன் எங்களை "இலை எங்கக்காரன்"னுதான் கேலி பண்ணுவான். பண்ணட்டும்.

அந்தா, பந்தல் தெரியுது. நம்ம ஊருப் பொண்ணு கோமதி வாசல்ல நிக்கா பாருங்க, கெட்டிக் குடுத்து ஒரு மாசந்தான் ஆவுது. எல்லாரும் எறங்குங்க. டிரைவர் தம்பி, நீங்களும் பசியோடதான் வந்திருப்பீங்க, எங்க கூடப் பந்தியில உக்காருங்க. சோறு ஆறுனா ஆறட்டும். மொதல்ல என்ன கேக்கணும்னு இப்பத் தெரியும்லா?