முழு மொட்டை

கும்மிடிப்பூண்டியில் பகல் ஷிப்ட் முடிந்து ரயிலேறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஹெல்மெட் அமுக்கிய முடியைச் சீப்பால் வாரிக்கொண்டே மூத்தவர் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம திருத்தணில மொட்ட போடறேன்."

"இன்னாண்ணா, போன வருசந்தான ஆப்ரேசன் பண்ணி முடி நட்டுக்கின?"

"நட்ட மூணாவது வாரமே கொட்டிச்சுடா. கொட்டிட்டுதான் மொளைக்கும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. ஊட்ல கேக்கல. பயந்துகினு, முடி வந்தா எனக்கு மொட்ட போடறதா முருகனுக்கு வேண்டிக்கினா."

"சிரைச்சா திரும்ப வருமாண்ணா?"

"டாக்டராண்ட கேட்டுட்டேன். வேர் புடிச்சிட்ச்சு, தாராளமா போடுங்கன்னாரு."

சீப்பைச் சட்டைப் பையில் செருகிவிட்டு முன்நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"போன தபா போட்டப்போ முன்னாடி சிரைக்க ஒண்ணுமே இல்ல. இந்தத் தபாதான்டா முழு மொட்ட."