ஒவ்வொரு தோசைக்கும் மாவாட்டச் சொன்னவர்கள்

வணிகர் சங்க விழாவின் தலைவர் அவர்களே, தராசு பிடித்தே தலைநிமிர்ந்த பெரியோர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சங்கரன்கோவில் சொந்தங்களே! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் மென்பொருள் ஆபீஸ் நடத்தும் பெனிட்டாவின் பணிவான வணக்கம்.

எங்களுக்கு வேலை தரும் சென்னைக் கம்பெனி சென்ற மாதம் சொன்னது: "உங்கள் ஊர் மந்தம். ஆபீஸை மூடிவிட்டு இங்கே வாருங்கள்." மந்தமா? மானாவாரி மண்ணில் மழையை நம்பி மல்லுக்கட்டும் மக்களா மந்தம்?

எழுதிய மென்பொருளை, அது ஓடத் தேவையான சகலத்தோடும் ஒரே பொட்டலமாகக் கட்டுவோம். கன்டெய்னர் இமேஜ் என்பார்கள். ஒரு வரியைத் திருத்தினாலும் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம். அதைத்தான் மந்தம் என்றார்கள். குருவிகுளத்திலிருந்து எங்கள் ஆபீஸுக்கு பஸ்ஸில் வேலைக்கு வரும் ராஜகுமாரி, கைக்குழந்தைக்காரி, கலங்கிப்போய்ச் சொன்னாள்: "அக்கா, மெட்ராஸுக்குன்னா நான் வேலைய விட வேண்டியதுதான்."

அன்றே இருவரும் கட்டும் முறையைப் பிரித்துப் பார்த்தோம். அதை எழுதித் தந்தது யார்? சென்னை! எங்கள் வரிகளை முதலில் போட்டு, அதன்மேல் லைப்ரரிகளை, அதாவது பிறர் முன்பே எழுதிவைத்த மென்பொருள் துண்டுகளை, கம்பைல் செய்து கணினி மொழிக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் வரி ஒன்று மாறினாலும் அத்தனை லைப்ரரியும் அடியிலிருந்து மறுபடி. ஹோட்டல் நடத்தும் பெரியோர்களே, ஒவ்வொரு தோசைக்கும் புதிதாக மாவாட்டுவீர்களா?

வரிசையை மாற்றினோம். லைப்ரரிகளை முதலில் கம்பைல் செய்து சேமித்து வைத்தோம். எங்கள் வரிகளைக் கடைசியில் சேர்த்தோம். டீ ஆறுவதற்குள் பொட்டலம் தயார்.

என்ன அண்ணாச்சி? "வச்ச மாவு புளிச்சிராதாம்மா?" என்கிறார் நம் ஹோட்டல் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி. புளிக்காது அண்ணாச்சி. லைப்ரரிப் பட்டியலில் ஒன்று மாறினாலும் கம்ப்யூட்டரே புது மாவு ஆட்டிக்கொள்ளும்.

சென்னை பாராட்டியது. அதே முறையைத் தானும் எடுத்துக்கொண்டது. பிறகு சொன்னது: "இவ்வளவு திறமையை அங்கே வைத்து என்ன செய்ய? வந்துவிடுங்கள்." மந்தம் என்றாலும் வா, வேகம் என்றாலும் வா. அப்படியானால் குறை எங்கள் வேலையிலா, எங்கள் விலாசத்திலா?

இன்று காலை பதில் எழுதினேன்: வேலை இங்கே வரட்டும், ஆள் அங்கே வராது. வேலையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ராஜகுமாரியிடம் காட்டினேன். "அனுப்புங்கக்கா, பாத்துக்கிடுவோம்" என்றாள். அனுப்பிவிட்டேன்.

அவர்கள் நிறுத்தலாம், கற்ற கை நிற்காது. திங்கட்கிழமை காலை குருவிகுளம் பஸ்ஸில் ராஜகுமாரி வந்து இறங்குவாள். நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன். செவி தந்த சபைக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். ஊரை விட்டு எழமாட்டேன். வணக்கம்.